அடியில் ஒட்டியது

சேக்காட்டு ஜோஸ் புகையிலை வளர்க்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் தெருவில் ஒருத்தருக்கும் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. நாற்பதைத் தொடப்போகிற வயதில், வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில், கண்ணாடிக் கூடாரத்துக்குள் பூட்டுப் போட்டு வளர்க்கிறான். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தை அந்த இலைக்குள் விளையவைப்பது அவனுடைய ஆராய்ச்சி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதைக் கோழிக்கடை வேம்புலியிடம் போய்ச் சொல்லித் தொலைத்தான்.

"இன்னா நைனா, செடில கோழி ஊசி காய்ச்சிதா?" ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்பான் வேம்புலி.

"காய்க்கும் அண்ணாத்தே."

"காய்ச்சா சொல்லு. கோழிங்க கேட்டுகினே கீது."

ஜோஸும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வேறென்ன செய்வது, சொந்தக் காசில் வாங்கிய சூனியம்.

நோய்க்கிருமியிலிருந்து ஒரே ஒரு புரதத்துக்கான மரபணுவை எடுத்துச் செடிக்குள் நுழைத்திருந்தான். செடி லேசுப்பட்டதில்லை. அந்நியப் புரதம் கைக்குச் சிக்கினால் அரைத்துக் கூழாக்கிவிடும். அதனால் ஒரு தந்திரம் பண்ணினான். மக்காச்சோளம் தன் விதைக்குள் புரதத்தைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சேர்த்துவைக்கும். அந்தச் சோளப் புரதத்தில் ஒரு துண்டை வெட்டித் தன் புரதத்துக்கு வாலாகத் தைத்தான். வால் இருந்தால், செல்லுக்குள் புரதம் உருவாகிற அறையைவிட்டு அது வெளியேறாது. அங்கேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டி உருண்டையாகி, அரைபடாமல் தப்பித்துக்கொள்ளும். இதையெல்லாம் ஜோஸ் படம் வரைந்து, மேடையில் நின்று விளக்கி, கைத்தட்டலும் வாங்கியவன். நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜோஸ் வைத்துக்கொள்ளவில்லை.

இலையை உப்புக் கரைசலில் அரைத்து, டியூபில் ஊற்றி, எந்திரத்தில் வைத்து வேகமாகச் சுற்றினால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிந்த நீரைத்தான் சோதிப்பான். புரதம் இருந்தால் தாளில் கறுப்பாக ஒரு கோடு விழவேண்டும். இரண்டு வருஷமாக விழவில்லை.

"வெள்ளிக்கிழமை கமிட்டி வருது ஜோஸ். கோடு இல்லேன்னா செடிகளை வெச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார் அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ராஜகுமாரி. அயல் மரபணு ஏறிய செடி. ஆராய்ச்சி முடிந்துவிட்டால் ஒன்றுவிடாமல் ஆவியில் அவித்துத்தான் எறியவேண்டும். செடி போனால் ஆராய்ச்சி ஏது, ஆராய்ச்சிக்காரன் ஏது? அம்பத்தூரில் வேலை பார்க்கிற மனைவி ஷைலா, "போனா போவுது, உடு. எதுனா ஸ்கூல்ல சேந்துக்கலாம்" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வியாழக்கிழமை கடைசியாக ஒருமுறை செய்து பார்த்தான். தாள் சலவைக்குப் போட்டு எடுத்தாற்போல வெள்ளையாக இருந்தது. சரிதான் என்று டியூப்களைக் கழுவ உட்கார்ந்தான். கழுவுகிற வேலையில் மட்டும் அவனை ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. டியூபின் அடியில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டு போகவே போகாது. எல்லாம் இந்த போர் தண்ணியால் வருகிற உப்பு என்பது அவன் முடிவு. அவன் எழுதிய புகார்களின் தொல்லை தாங்காமல் நிர்வாகம் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரமே வாங்கி மாட்டியது. அப்புறமும் வெள்ளை போகவில்லை. எந்திரம் மட்டம் என்று அடுத்த புகாரை எழுதினான். ஆவடி மார்க்கெட்டில் தனக்கென்று ஒரு பிரஷ்ஷும் வாங்கி வந்தான்.

"தண்ணியா இது? தூ" என்றான், தேய்த்துக்கொண்டே.

பக்கத்தில் அவனுக்கு ஜூனியரான ஜெபிஷா டியூப்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "நானும் இதே தண்ணிலதாண்ணா கழுவுறேன். எனக்கு ஒரு குலுக்கு குலுக்கினாலே போயிடுதே."

"உன்னோடது என்ன செடி?"

"சாதாப் புகையிலை. உங்க செடியோட ஒப்பிடத்தானே வளக்கிறோம். மறந்துட்டீங்களா?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் டியூப். அப்படியே நின்றான். கெட்டி உருண்டை தண்ணீரில் எப்படிக் கரையும்? கரையாதபடி வால் தைத்தது யார்? சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, வடித்த கஞ்சிக்குள் கையைவிட்டுப் பருக்கை தேடியிருக்கிறான் மகராசன்.

ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து, எதையும் கரைக்கிற காட்டமான கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்துச் சோதித்தான். கோடு விழுந்தது. கோடா அது? கரிக்கட்டையால் இழுத்தமாதிரி மொத்தமாக, கன்னங்கரேலென்று விழுந்தது. ஜெபிஷா, "இயேசுவே!" என்று கத்திவிட்டாள். ஜோஸுக்குக் கண் கலங்கியது. சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. செடி சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து, சேர்த்து, பத்திரமாக வைத்திருக்கிறது. அதைப் போய் இரண்டு வருஷமாக பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறான்.

"பிரிச்செடுக்கிறதுக்குப் புது முறை கண்டுபிடிச்சிருக்கோம்னு சொல்லிடுங்க" என்று வெள்ளிக்கிழமை கமிட்டி அறைக்குள் நுழையும்போது காதோரம் சொன்னார் ராஜகுமாரி. ஜோஸுக்கும் அது தேனாகத்தான் இனித்தது.

கமிட்டித் தலைவர் ஜெயராமன் கோட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "பிரமாதம். ஆனா போன ரிப்போர்ட் வரைக்கும் ஒண்ணுமே இல்லையே. இவ்வளவு புரதமும் எங்கே போச்சு?"

ராஜகுமாரி மின்விசிறியைப் பார்த்தார். ஜோஸ் மனப்பாடம் பண்ணிய புது முறையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கழுவிட்டேன் சார்."

"எதை?"

"புரதத்தைத்தான் சார். தண்ணி சரியில்லைன்னு புகார்கூட எழுதினேன்."

ஜெயராமன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். "செடி ஒண்ணைக்கூடத் தொடக் கூடாது. ஆனா நீங்க எல்லாத்தையும் முதல்லேருந்து செஞ்சு எடுத்துட்டு அடுத்த கமிட்டிக்கு வாங்க. அப்புறம் பார்க்கலாம்."

வெளியே வந்து ஷைலாவுக்கு போன் போட்டான்.

"இன்னாச்சு?" என்றாள்.

"செடிங்க எல்லாம் பாஸ்."

"நீ?"

"எனக்கு அரியர்" என்றான் ஜோஸ், கல்லூரி வாசலில் நின்று, வாயெல்லாம் பல்லாக.