பிஞ்வா ஐஸ் கூடம்

படகுகள் ஏரிக்கரை சேர்ந்தபோது மணி எட்டு. முழங்கால் தண்ணீரில் நின்றபடி பெண்கள் வலையிலிருந்து ஜிலேபி மீன்களைப் பிடுங்கித் தொட்டியில் போட்டார்கள். அக்கேயோ ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு இன்னும் மாறவில்லை. உச்சி வெயிலுக்கு மாறிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் மீன் கம்பெனி லாரி வந்து நிற்கும். லாரிக்காரன் சொன்னதுதான் விலை.

கரைமேட்டுத் தகரக் கொட்டகையில் ஐஸ் இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பதினெட்டுப் பெண்கள் சீட்டுப் போட்டு வாங்கியது. வந்து எட்டு மாதமாகிறது, ஒரு கட்டி ஐஸ் போடவில்லை. மின்கம்பி கொட்டகைக்கு மேலேயேதான் கம்பெனிக்குப் போகிறது. அதிலிருந்து ஓர் இணைப்பு இறங்க வேண்டுமானால் பெண்களின் சங்கம் பதிவான சான்றிதழ் வேண்டும்.

"ஏ அலெகோக்காரி!" ஒச்சோலாவின் அம்மா குரல் கொடுத்தாள். அக்கேயோ பிறந்த ஊர் அலெகோ. கட்டிக்கொண்டு வந்த ஊரில் அதுதான் பெயர். "இன்னிக்காவது சான்றிதழோட வருவியா, இல்ல அந்த ஆபீசரையே கட்டிக்கிட்டு வருவியா?"

"அவரு மூஞ்சிக்கு நம்ம கெளுத்தி மீன் தேவலக்கா."

கிசுமு சங்கப் பதிவு அலுவலகத்தில் அவளுக்கு இது ஏழாவது நடை. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி கோப்பைத் திறந்தே வைத்திருந்தார்.

"சங்கத்துப் பேருதாம்மா சிக்கல். 'பிஞ்வா'ன்னா என்ன?"

"எங்க மண்ணு. கொட்டகை நிக்கிற எடம் எங்களுது சார். அதான் வச்சோம்."

"உங்க ஆளு ஒருத்தரு அதுக்கு 'எங்க நாடு'ன்னு அர்த்தம் சொல்றாரே?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டுந்தான் சார். பொழுது விடிஞ்சாக்கூட பிஞ் விடிஞ்சிருச்சுன்னுதான் சொல்லுவோம்."

"போன தேர்தலுக்கப்புறம் தனி நாடு வேணும்னு உங்க பக்கம் கூட்டம் போட்டாங்க. இப்ப இப்படி ஒரு பேரு. நைரோபிக்கு எழுதிக் கேட்டிருக்கேன்."

"தனி நாடு கேக்குறவ உங்ககிட்ட வந்து ஏன் சார் கரண்டு கேக்கப் போறா?"

அவர் சிரித்தார். அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல் இருமினார். அக்கேயோவுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"சார், உங்க பாஷையில மண்ணுக்கு என்ன சொல்லுவீங்க?"

சொன்னார்.

"நாட்டுக்கு?"

அதே சொல்லைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"ஒரே சொல்லுதானா?" அவள் கண் விரிந்தது. "அப்ப உங்க ஊருல சங்கத்துக்கு இந்தப் பேரு வச்சா?"

"எங்கள அப்படி யாரும் கேக்கறதில்லம்மா" என்றார் தணிந்த குரலில். இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "பேர மாத்திக் குடுங்க. புது மனு, புது வரிசை."

அவள் கரைக்குத் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. காகிதத்தை இயந்திரத்தின் மேல் விரித்தாள். பெண்கள் ஈரக்கையோடு சுற்றி நின்றார்கள்.

"வெறும் ஐஸ் கூடம்னு எழுதித் தொலைடி. ஐஸுக்கு ஏது ஊரும் நாடும்?" என்றாள் ஒச்சோலாவின் அம்மா.

"நாளைக்கு ஒம் மவன் பேர மாத்தச் சொல்லுவாங்க. மாத்துவியாக்கா?"

"அவன் பேரு யாரு குடியக் கெடுத்துச்சு?"

"அந்தப் பேர வச்சு எந்தப் பக்கத்து ஆளுன்னு பாத்துட்டுத்தான போலீசு வேலைக்கு ஆளெடுத்த எடத்துல அவன வீட்டுக்கு அனுப்பினாங்க?"

ஒச்சோலாவின் அம்மா தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பெயர் எழுத வேண்டிய கோடு காலியாகவே இருந்தது.

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. செவுள்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. லாரிக்காரன் விலையைச் சொன்னான். பெண்கள் தொட்டிகளை லாரியருகே இழுத்து வந்தார்கள். பின்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து நான்கைந்து ஐஸ் துண்டுகள் சரிந்து தரையில் விழுந்தன. ஒச்சோலாவின் அம்மா சட்டென்று குனிந்து பொறுக்கினாள். அவன் கழித்துப் போட்ட இரண்டு மீன்கள் அவள் தொட்டியில் கிடந்தன; அவற்றுக்காவது ஆகும்.

"மண்ணு ஒட்டியிருக்குக்கா" என்றாள் அக்கேயோ.

"பிஞ்தானடி. கழுவுனா போயிரும்."

ஏரித் தண்ணீர் இருபதடி தூரந்தான். அங்கே போய்க் கையை விரித்தபோது ஐஸ் இல்லை. உள்ளங்கையில் மண் மட்டும் இருந்தது.