டேங்க் ஒழுகுது

குண்டடிபட்டுப் போர் விமானம் விழுந்தபோது பைலட்டும் நேவிகேட்டரும் பாராசூட்டில் குதித்து, எதிரி நாட்டு வயலொன்றில் சேறும் சகதியுமாக இறங்கினார்கள். பிடிபட்டு, சிறைமுகாமில் ஒரே அறையில் அடைபட்டார்கள். ஏழாவது வாரம் நேவிகேட்டரின் மனைவியிடமிருந்து முதல் கடிதம் வந்தது. கூடவே விசாரணைக்கும் அழைப்பு வந்தது.

கைதிகளின் கடிதங்களைப் படித்துப் பார்க்கும் தணிக்கை அதிகாரிக்கு நம் மொழி நன்றாகத் தெரியும். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'டேங்க் இன்னும் ஒழுகுது. மேற்குப் பக்கமும் ஆரம்பிச்சிடுச்சு.' எத்தனை டேங்க்? மேற்குல எங்க?"

"சார், அது மொட்டைமாடித் தண்ணி டேங்க்!"

"'நீங்க கை வெச்சதுலேர்ந்துதான் மோசம்.' இது என்ன சங்கேதம்?"

"சங்கேதம் இல்ல சார், திட்டு. ரிப்பேர் பண்ணது நான்தான்."

இதைவிட அப்பாவியான முகங்களை அதிகாரி பார்த்திருக்கிறார். "இங்க சமையலறை டேங்க்கும் ஒழுகுது. சரிபண்ணிக் காட்டு, பார்க்கலாம்" என்றார்.

ஸ்பானரும் சணலும் கொடுத்தார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்ட பைலட், "தம்பி, ஆழம் தெரியாம காலை விடாத" என்று கெஞ்சினார்.

"சும்மா இருங்கண்ணே. எனக்குத் தெரியாத வேலையா?"

கால் மணி நேரத்தில் சொட்டுவது நின்று, அருவியாகக் கொட்டத் தொடங்கியது. சமையற்காரர் அண்டாவோடு ஓடிவந்தார். கீழே நின்ற அதிகாரி உச்சி முதல் பூட்ஸ் வரை நனைந்தார். சுட்டுவிடுவார்கள் என்று பைலட் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "உன் பெண்டாட்டி எழுதினது அத்தனையும் உண்மைய்யா" என்று கடிதத்தை நீட்டினார். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

டேங்க் புராணம் முடிந்து, கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது: 'பாப்பா நடக்கிறா, செவுத்தைப் பிடிக்காம.'

நேவிகேட்டர் அதை நாலு தடவை படித்தார். கடிதத்தைப் பைலட்டிடம் கொடுத்தார்.

"எத்தனை அடி நடந்தாளாம்?"

"எழுதலண்ணே."

"அதை விட்டுட்டு டேங்க்குக்கு ரெண்டு பக்கமா!" என்று பைலட்டுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஐந்து மாதம் கழித்து, கைதிகள் பரிமாற்றத்தில் இருவரும் ஊர் திரும்பினார்கள். ரயில் நிலையத்தில் புதர்போலத் தாடியோடு இறங்கியவரைப் பார்த்ததும் பாப்பா அலறிக்கொண்டு ஓடினாள். நேவிகேட்டர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.