மடிக்காமல் வெட்டிய துணி

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் வயிற்றில் தொடங்கியது. நாற்பத்தெட்டு வயதில் அது எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கியதால், அதைக் கொஞ்சம் அடக்கிக் காட்டுகிற மேற்சட்டை ஒன்றை வீட்டிலேயே தைக்கலாம் என்று நினைத்தேன். ரீசேட்டுக்குப் பாவிக்கிற, இழுத்தால் நீளுகிற துணி இரண்டரை மீற்றர் வாங்கினேன். முழுவதையும் பாழாக்கினேன். கழுத்து அலை அலையாக வந்தது.

அடுத்த கிழமை, தீவுப்பக்கம் ஓர் உப தபாலகத்துக்குப் பதிவுத்தபால் அனுப்பப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எதையோ எடுக்க எழும்பினார். அவர் போட்டிருந்த கரும்பச்சைச் சட்டை, அதே இழுபடுகிற துணிதான், தோளிலிருந்து இடுப்புவரை ஒரு சுருக்கமும் இல்லாமல் விழுந்திருந்தது.

"எங்க வாங்கினீங்கள்?"

"வாங்கேல்லை. தைச்சனான்."

அதற்குப் பிறகுதான் அவருடைய முதுகு வளைந்திருப்பதைக் கண்டேன். சட்டையை முதல் கண்டேன், முதுகைப் பிறகு கண்டேன். அந்த வரிசையை என்னால் மறக்க முடியவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

(பெயரை மாற்றவேண்டும், ஊரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே நேரில் 'அவர்'. கதைக்குள் அவள், துர்க்கா.)

2

தொடக்கம் ஒன்று: "சாட்டிக் கடற்கரையில் காற்று —"

வேண்டாம். காற்றில் தொடங்குகிற கதைகளை நானே வாசிப்பதில்லை.

தொடக்கம் இரண்டு: "போர் துர்க்காவின் முதுகை வளைத்தது."

எழுத நன்றாக இருந்தது. ஆனால் பொய். முதுகு தன்பாட்டில் வளைந்தது. தீவை விட்டு இடம்பெயர்ந்து, வலிகாமத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, வன்னியில் இருந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. சட்டை ஒரு பக்கம் ஏறி நிற்பதைத் தாய் கண்டாள். வளர்ந்து முடியமுதல் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார் டொக்டர். அந்த வருசம் வன்னியிலிருந்து நிலவுக்குப் போவதும் கொழும்புக்குப் போவதும் ஒன்றுதான். அவள் வளர்ந்து முடிந்தாள்.

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்கிறேன்: நாற்பத்தொரு வயதில், துர்க்காவின் கைபேசிக்குக் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது.

3

அனுப்பியது தம்பி சுஜிதனின் மனைவி. ஆவணியில் குடும்பத்தோடு வருகிறார்கள். சாட்டிக்குப் போய் எல்லோரும் நின்று ஒரு படம் எடுக்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே நிற ரீசேட். "மச்சாள், உங்கட சைஸ் என்ன? சிமோலா, மீடியமா, லாச்சா?"

துர்க்கா அந்த மூன்று சொற்களையும் கனநேரம் பார்த்தாள். இடத்தோள் நாலு விரற்கிடை தாழ்ந்தவளுக்கு, வல இடுப்பு மேலேறியவளுக்கு, அதில் எது? இருபத்தைந்து வருசமாக அவள் போட்டதெல்லாம் இரண்டு அளவு பெரிய தொளதொளச் சட்டைகள். அதற்கு மேலே ஒரு சால்வை. தபாலக மேசை மிச்சத்தை மறைத்தது.

"எனக்குக் கொண்டு வராதேங்கோ. நிறத்தை மட்டும் சொல்லுங்கோ. நான் தைச்சுப் போடுறன்" என்று எழுதி அனுப்பினாள். 

4

அவள் முதலில் தைத்தது மறைப்பதற்கு. யூரியூப்பில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள்: துணியை இரண்டாக மடித்து வெட்டுங்கள், உடலில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லையோ அந்தப் பக்கத்தில் சுருக்கு வையுங்கள், பார்க்கிறவர்களின் கண் ஏமாறும். துர்க்கா அப்படியே செய்தாள். தாழ்ந்த தோளுக்கு உள்ளே பஞ்சும் வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் அசையாமல் நின்றால் சரியாக இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக்குப் பென்சன் எடுக்க வந்த சறோஜினிதேவி, நல்ல மனுசி, மேசையைச் சுற்றி உள்ளே வந்தா. "பிள்ளை, சட்டை ஏறிப்போய்க் கிடக்கு" என்று சொல்லி, பின்பக்கத்தைப் பிடித்து, சின்னப்பிள்ளைக்கு இழுத்துவிடுகிற மாதிரி இழுத்துவிட்டா. வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். பஞ்சு கழன்று நெஞ்சுப்பக்கம் இறங்கியது.

(இந்த இடத்தில் துர்க்காவை அழவைத்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். "நான் அழேல்லை. ஏழு பேருக்கும் பென்சன் குடுத்தனான்" என்றார் அவர்.)

5

இந்தக் கட்டத்தில் என் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவளை எங்கே கொண்டுபோகிறேன்? தன்னை உள்ளபடி ஏற்றுக்கொண்ட பெண்ணாக முடித்துவிடலாம். அப்படி ஒரு பந்தி எழுதி அவருக்கே வாசித்தும் காட்டினேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார்.

"இதை எடுங்கோ. நான் ஒண்டையும் ஏற்றுக்கொள்ளேல்லை. எனக்கு வடிவா இருக்க ஆசையா இருந்தது. அவ்வளவுதான். உங்களுக்கு இல்லையே?"

இருந்தது. எடுத்துவிட்டேன்.

6

வடிவாக இருக்கவேண்டுமென்றால் சரியான அளவு வேண்டும். முன்பக்கத்தைத் தானே அளக்கலாம். முதுகை அளக்க இன்னொரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக் கிருசாந்தியைக் கேட்க நினைத்து வேலிவரை போய்த் திரும்பி வந்தாள். மிச்சம் இருந்தது கணநாதன்.

கணநாதன் அவளுடைய புருசன். வள்ளங்களுக்கு இயந்திரம் திருத்துகிறவன். கலியாணமாகிப் பதினொரு வருசம். அந்தப் பதினொரு வருசத்தில் ஒருநாளாவது வெளிச்சத்தில் அவள் அவனுக்கு முதுகைக் காட்டியதில்லை. அவனும் கேட்டதில்லை. கேட்காததை அவள் நல்ல குணம் என்றும் எடுத்துக்கொண்டிருந்தாள், வேறு மாதிரியும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு, அவனுடைய பழைய பெனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வாங்கோ. அளவெடுக்க வேணும்."

அவன் வந்தான். அளவுநாடாவைக் கண்டான். திரும்பிப் போனான். அவளுக்கு முகம் சூடேறியது. குசினிக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். நகத்து ஒயில் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நாடாவை வாங்கினான்.

அவள் திரும்பி நின்றாள். யன்னல் திறந்திருந்தது.

"நேரா நில்லும்" என்றான்.

அவள் குதிக்கால்களை ஒன்றாகச் சேர்த்து நின்றாள்.

"நேரா நிண்டா இதுதான்."

"...ஓம்."

அவன் கழுத்தெலும்பில் விரலை வைத்தான். எலும்பு எலும்பாகக் கீழே வந்து, ஒவ்வொன்றிலும் பேனையால் பெனியனில் ஒரு புள்ளி வைத்தான். அவசரப்படவில்லை.

"நோகுதே?"

"இல்லை."

"மழைக்கு?"

அவள் யோசித்தாள். "மழைக்கு நோகும்."

"பதினொரு வரியமா எனக்குச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

"கேட்டா உமக்கு நோகுமெண்டு நினைச்சனான்."

(இங்கே கணநாதனுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன்: எந்த வள்ளத்துக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை என்று. அழகான வசனம். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. அவன் சொன்னது, "தோளிலை இருந்து இடுப்புக்கு, இடப்பக்கம் முப்பத்தைஞ்சரை சென்ரிமீற்றர். எழுதும்." பிறகு, "வலப்பக்கம் நாப்பத்தொண்டு. பொறும், திரும்ப அளக்கிறன்." மூன்றுதரம் அளந்தான்.)

"அவன் கண்கள் கல—"

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவள் எப்படிப் பார்ப்பாள்? அவள் பார்க்காததை நான் எழுத ஏலாது.

7

அந்தப் பெனியனை அவர் எனக்குக் காட்டினார். அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்து விரித்தார். நீலப் புள்ளிகள் பதினேழு. கழுத்தடியில் நடுவில் தொடங்கி, வலப்பக்கம் ஒதுங்கி, தயங்கி, திரும்பி இடப்பக்கம் வந்து, கடைசியில் மறுபடி நடுவுக்கு வருகின்றன. ஓர் ஆள் இருட்டில் நடந்து வீடு வந்து சேர்ந்த தடம் மாதிரி. தொட அனுமதி கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

அவள் அந்தப் புள்ளிகள் போன வழியே கத்தரிக்கோலை விட்டுப் பெனியனை இரண்டாக்கினாள். அதுதான் முதுகுத் துண்டுகளுக்கு மாதிரி. பிறகு புதுத்துணியை எடுத்தாள். தைக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும், துணியை மடித்து ஒரு பாதியை வெட்டு, மற்றப் பாதி தன்னால் வரும் என்பார்கள். துர்க்கா மடிக்கவில்லை. நிலத்தில் முழுதாக விரித்தாள். இடதை இடதாகவும் வலதை வலதாகவும் வெட்டினாள்.

இந்தத் துணி நெய்ததல்ல, இழைகளைக் கோர்த்துப் பின்னியது. கூர் ஊசி பட்டால் ஓட்டை விழும். முனை மழுங்கின ஊசி போட்டாள். தைக்கும்போது இழுக்கக்கூடாது, மெசின் தானாகக் கொண்டுபோகவேண்டும். (நான் இழுத்தேன். அதுதான் என் கழுத்து அலையாக வந்தது.) முதுகின் நடுத்தையல், அவளுடைய முள்ளந்தண்டு போன அதே வழியில், வளைந்து வளைந்து இறங்கியது. அவள் கையை லேசாக வைத்துக்கொண்டாள். துணிக்கு வழி தெரிந்திருந்தது.

போட்டுப் பார்த்தாள். ஒரு சுருக்கமும் இல்லை. எங்கேயும் ஏறவில்லை. கையைத் தூக்கினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். சட்டை கூடவே வந்தது. இடுப்பு, நெஞ்சு, கழுத்து எல்லாம் தனக்கும் இருக்கிறதென்று நாற்பத்தொரு வயதில் அலுமாரிக் கண்ணாடியில் கண்டாள். வளைவு மறையவில்லை. அதுவும் அங்கேதான் இருந்தது, மற்றதெல்லாம் இருக்கிற மாதிரி.

"எனக்குப் பயம் வந்தது" என்றார் அவர். "வடிவைக் கண்டால் பயம் வருமெண்டு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை."

8

முடிவுகள்.

(அ) படத்தில் அவள் ஓரத்தில் நிற்கிறாள், ஆனால் சிரிக்கிறாள். — மங்கல்.

(ஆ) சறோஜினிதேவி வந்து மன்னிப்புக் கேட்கிறா. — அந்த மனுசி பிழையாக ஒன்றும் செய்யவில்லை.

நடந்தது இது: சாட்டியில் பதினொரு பேர் கரும்பச்சையில் நின்றார்கள். வாங்கின ரீசேட்டுகள் எல்லோருக்கும் பெட்டி மாதிரி இருந்தன. சுஜிதனின் மகள் தர்சனா, பதினாறு வயது, துர்க்காவைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். "மாமி, உங்கட மட்டும் ஏன் இவ்வளவு நல்லாக் கிடக்கு? எனக்கும் ஒண்டு தைப்பீங்களா?" என்று கேட்டாள். துர்க்கா நடுவில் நின்றாள். சால்வை வீட்டில் இருந்தது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் கடற்கரைக்குப் புறப்படமுதல் ஒன்று நடந்திருக்கிறது. கணநாதன் மோட்டார் சைக்கிளை முற்றத்தில் நிறுத்திவிட்டு, தாமதமாகிறதென்று கூப்பிட உள்ளே வந்திருக்கிறான். அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். அவன் வாசலில் நின்று ஒரு வசனம் சொல்லியிருக்கிறான்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அந்த வசனத்தை மனதுக்குள் ஒருதரம் முழுதாகச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம்தான் பேசாமல் இருந்தார். பிறகு கழுத்துவரை சிவந்து, சிரித்து, "அது கதைக்கில்லை" என்றார்.

நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எதுவும் ஒருத்தரை அப்படிச் சிவக்க வைக்காது. நீங்கள் எழுதிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரே துப்பு, அது சின்ன வசனம். நாலு சொல்லுக்கு மேல் இருக்காது: