முப்பதுக்குக் கீழே

கென்யா மலையிலிருந்து இறங்கும் எங்கள் ஆற்றில் ஓர் அளவுப் பலகை நட்டிருக்கிறது. காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் அதைப் படித்து நீர்ச் சங்கத்துக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. மட்டம் முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேல்கரைப் பம்புகள் அத்தனையும் நிற்க வேண்டும். அப்போதுதான் கீழே மாடு மேய்க்கும் சம்புருக்காரர்களின் மாடுகளுக்குத் தண்ணீர் போகும். இரண்டு வருடமாக மழை இல்லை. ஆனாலும் ஒரு வாரமாகப் பலகை முப்பத்து நாலிலேயே நின்றது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நான் ஒரு மடையன்.

அன்று மூன்று மணிக்குக் கீழூர்ச் சம்புருக்காரன் லெகுபே வந்தான். வந்த வேகத்தில் என் மூக்கில் குத்தினான்.

“முப்பத்தி நாலாம்ல! எங்க பக்கம் ஆத்து மணல்ல இருபத்தாறு மாடு செத்துக் கிடக்குது. எவனுக்காகடா பொய் எழுதுற?”

“பலகை காட்டுறதைத்தான்யா எழுதுறேன்!”

காய்ந்த சாணி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். போட்ட இடத்திலேயே அது மிதந்துகொண்டு நின்றது. ஆறு ஓடவே இல்லை.

கரையோரமாகக் கீழே ஓடினேன். பலகையிலிருந்து முப்பது தப்படி தள்ளி, நாணல் மறைவில், ஆற்றுக்குக் குறுக்கே கல்லும் மண் மூட்டையும் அடுக்கியிருந்தது. அப்படி அடைத்தால் ஆறு செத்தாலும் பலகையில் மட்டம் நிற்கும். மூட்டைகளின் வாயில் நீலக் கயிறு. என் அண்ணன் கிதோங்கா தன் பம்புக் குழாயைக் கட்டும் கயிறு.

நானும் லெகுபேயும் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்தோம். சத்தம் கேட்டு அண்ணன் வெட்டுக்கத்தியோடு ஓடி வந்தான்.

“கையை எடுடா முரித்தி! இன்னும் பத்தே நாள், தக்காளி பழுத்துடும்!”

“என்னைப் பொய்யனாக்கிட்டியே அண்ணே!”

“நம்பர்தானேடா எழுதுற? என்னமோ ஆத்தையே பெத்தவன் மாதிரி குதிக்கிற!”

சொல்லிக்கொண்டே கத்தியை வீசினான். லெகுபேயின் தோள் பிளந்தது. அவன் கரையில் விழ, அண்ணன் மறுபடி ஓங்கினான். கையிலிருந்த கல்லால் அண்ணன் பிடரியில் அடித்தேன். லெகுபேயைக் காப்பாற்ற அடித்ததாக ஊரில் சொல்கிறார்கள். பொய். ஆத்திரத்தில் அடித்தேன், இரண்டு தடவை. அண்ணன் குப்புற விழுந்தான். கணுக்கால் அளவு தண்ணீர்தான். கிடக்கட்டும் என்று விட்டேன்.

என் சட்டையைக் கிழித்து லெகுபேயின் தோளைக் கட்டினேன். அதற்குள் தேங்கியது வடிந்துவிட்டது. நாலு மணி. பலகைக்குப் போனேன். பதினொன்று. மூக்கில் ரத்தம் ஒழுக ஒழுக அதை அனுப்பினேன். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது.

சங்கம் எல்லோர் போனுக்கும் தகவல் விட்டது. மேல்கரைப் பம்புகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“எந்திரிச்சுப் போய் உன் பம்பை நிறுத்து அண்ணே!” என்று பலகையடியிலிருந்தே கத்தினேன்.

அண்ணன் எழவில்லை. முகம் இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. ஓடிப்போய்ப் புரட்டினேன், வாயிலிருந்து சேறு வழிந்தது.

டீசல் தீரும் வரை அவன் பம்பு ஓடியது.