நூலுக்கு அடியில்

என் கணவன் சிங்தோங்கின் இடது மணிக்கட்டில் எப்போதும் வெள்ளை நூல் சுற்றியிருக்கும். உடம்பு சரியில்லாதவர்களுக்கும் பயணம் போகிறவர்களுக்கும், உயிர் உடம்பை விட்டு அலையாமலிருக்க நாங்கள் கட்டும் நூல் அது. மூன்று நாள் போனால் அவிழ்த்துவிடலாம். அவனுக்கு நான் நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

"உன் புருஷனோட உயிருக்கு மட்டும் ஊர் சுத்துற புத்தி போகவே மாட்டேங்குதேடி!" என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்து மழுப்பிவிடுவேன்.

நூலுக்கு அடியில் பச்சை குத்திய எழுத்து இருந்தது. சயாம் ராஜாவுக்கு அடங்கிய ஊர்களில் ஆண்களின் மணிக்கட்டில் ஊரையும் எஜமான் பெயரையும் குத்திவிடுவார்கள். இவன் எஜமான் கீழாற்று ஊர்க்காரன். வருடம் முழுக்க மரம் இழுக்க வைத்துச் சாகடித்தவன். அங்கிருந்து தப்பி எங்கள் ஊருக்கு வந்தவனைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில், மேகோங் ஆறு எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் சிலர் வந்து கோயில் மண்டபத்தில் தங்கினார்கள். எங்கே தொடங்கினால் இவர்களுக்கு என்னவாம்? அவர்களில் ஒருவருக்குப் படம் வரைவதே வேலை. படகுக்காரன் ஒருவன் வேண்டுமென்று சிங்தோங்கை மூங்கில் கழியோடு நிறுத்தினார்.

"கை எலும்பு தெரியணுமாம். அந்த நூல் மூட்டையை எடுக்கச் சொல்றார்" என்றார் கூட வந்த கம்போஜத்து மொழிபெயர்ப்பாளர்.

சிங்தோங் என் காதருகே குனிந்தான். "வேணாம், போயிடலாம்."

"சும்மா இரு. அடம்பிடிச்சாதான் சந்தேகம் வரும். இவங்களுக்கெல்லாம் நம்ம எழுத்தா தெரியப்போகுது?"

நூலை அறுக்கக் கூடாது. ஒவ்வொரு முடிச்சாக நானேதான் அவிழ்த்தேன். வரைந்து முடித்ததும் மறுபடி கட்டிவிட்டேன். ஓவியர் நல்ல மனிதர்தான், புகையிலைகூடக் கொடுத்தார்.

சாயங்காலம் எங்கள் ஊர் ஆளுநர் விருந்தினரைப் பார்க்க வந்தார். நான் சோற்றுக்கூடை வைத்துக்கொண்டிருந்தேன். ஆளுநர் படங்களை வாங்கிப் புரட்டி யானைக்கும் அருவிக்கும் குழந்தைபோலச் சிரித்தார். சிங்தோங்கின் படம் வந்ததும் சிரிப்பு நின்றது. தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். எங்கள் எழுத்தைப் படிக்கத் தெரியாத அந்த ஓவியர், மணிக்கட்டில் இருந்ததை ஒரு சுழிகூட விடாமல் எழுதி வைத்திருந்தார்.

"அடடே, இவன் நம்ம ஆளே இல்லையே! இவன் எஜமான் ரெண்டு வருஷமா எனக்கு ஆள்மேல ஆள் அனுப்புறாரு."

காலில் விழுந்தேன். "ஐயா, நாலு வருஷமா உங்க படகைத்தானே ஓட்டுறான்! ரெண்டு புள்ளைங்க இருக்குய்யா!"

"நான் என்னம்மா பண்ணுவேன்? கண்ணால பாத்துட்டேனே. விட்டா என் தலை போயிடும்."

அவருக்கு அவர் பயம். மறுநாள் காலையில் சிங்தோங்கைப் படகில் ஏற்றினார்கள். பயணம் போகிறவனுக்கு நூல் கட்டப் போனேன். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு சுற்றியிருந்தது, நூலுக்கு இடமில்லை.

விஷயம் தெரிந்து ஓவியர் கரைக்கு ஓடிவந்தார். ரப்பர் துண்டால் படத்திலிருந்த எழுத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்து என்னிடம் காட்டினார். சுத்தமாகத்தான் அழித்திருந்தார். படகு அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

"அந்தப் படத்தையாவது எனக்குக் கொடுக்கச் சொல்லுங்க" என்று கை நீட்டினேன்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஓவியர் தலையைக் குனிந்துகொண்டே தாளைப் பைக்குள் வைத்தார்.

"முடியாதாம்மா" என்றார் மொழிபெயர்ப்பாளர். "அது அவங்க ராஜாவுக்குச் சொந்தமாம்."