களப்பு அரசனுக்கு வைத்த சோறு

திவ்யதர்ஷினி காரின் கதவைச் சாத்தாமலே இறங்கி ஓடினாள். கையில் மூடியில்லாத தட்டு. தட்டில் செத்தவர்களுக்குப் படைக்கிற மாதிரிப் படைத்த சோறு. அதைப் படைத்தது அவளுடைய அண்ணன் பிரஷாந்தனுக்கு. அவன் செத்ததாக அந்த வீட்டில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையின் கடைசிக் களஞ்சியத்துக்குப் பின்னால், கம்பிவேலி கிழிந்திருந்த இடத்தால் அவள் நுழைந்தபோது பருப்பு முழங்கை வரை வழிந்திருந்தது. காகம் அந்தச் சோற்றில் வாய் வைப்பதற்கு முன் பிரஷாந்தன் இருக்கும் ஓடையை அடைய வேண்டும். வைத்துவிட்டால் நாகமுனை அரசுக்கு வாரிசு இல்லை. மெரிலேண்ட்ஸ் வீட்டிலிருந்தே இரண்டு காகங்கள் காருக்கு மேலே வந்துகொண்டிருந்தன. சிவப்பு விளக்கில் அவள் நின்ற இடமெல்லாம் அவையும் ஆகாயத்தில் அசையாமல் நின்றன.

நாகமுனை அரசு எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. ஊர்க் கடலோரம் ஓர் உப்புநீர்க் களப்பு, கரையில் இரண்டு உப்பளம், ஒரு நாச்சிமார் கோயில், அவ்வளவுதான் நாடு. மகுடம் என்று ஒன்றும் இல்லை. அரசன் சொன்னால் களப்பு ஏறும், சொன்னால் இறங்கும், அதுதான் அடையாளம். தொண்ணூறுகளில் அரசர் வரதராஜாவை அவருடைய தம்பியே ஆள் சேர்த்து விரட்டிவிட்டார். வரதராஜா மனைவி விஜயாவோடும் கைக்குழந்தை பிரஷாந்தனோடும் சிட்னிக்கு வந்து, மெரிலேண்ட்ஸில் கார் ஓட்டப் பழக்கும் தொழில் தொடங்கினார். அவரிடம் பழகியவர்கள் ரவுண்டபவுட்டில் தடுமாறியதே இல்லை என்று இன்றும் சொல்கிறார்கள். திவ்யா இங்கேதான் பிறந்தாள். படித்து மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்தாள்.

அரச குடும்பத்துக்குப் பின்னாலேயே கன்னித் தெய்வங்களான நாச்சிமார் ஏழு பேரும் வந்துவிட்டார்கள். ஊரில் கோயில் கேணியில் இருந்தவர்கள் இங்கே செவன் ஹில்ஸ் ஓடையில், நாணலுக்குள் குடியேறினார்கள். எந்த விசாவில் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எப்படியோ வந்தவர்கள்தான். அவர்களை முதலில் கண்டவர் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய சூசை. “ஏழு பொம்பிளையள் மரப் பலட்டுக்கு மேல இருந்து தலை காயவிடுகினம் எண்டு சுப்பவைசரிட்டைச் சொன்னனான். சேஃப்டி வெஸ்ட் போடச் சொல்லு எண்டான்,” என்று அவர் கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இருக்கவில்லை.

நாகமுனையின் வாரிசுகள் எல்லோரும் ஒரு மழைக்காலம் நாச்சிமாரிடம் இருந்து களப்பை ஆளும் வித்தையைப் படித்து வருவது முறை. வரதராஜா மகனை விடவில்லை. முதலில் டிகிரி, பிறகு மந்திரம் என்றார். டிகிரி முடிந்ததும் வேலை நிரந்தரமாகட்டும் என்றார். வேலை நிரந்தரமான மாதத்தில், ஒரு மாணவிக்குக் காரைப் பின்பக்கமாக நிறுத்தக் காட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை. அந்தக் கிழமையே களப்பு தன் அரசனைத் தேடிப் புறப்பட்டு வந்தது. வீட்டுக் குழாயில் உப்புநீர் வந்தது. குளியல் தொட்டியில் இறால் துள்ளியது. குழாய் திருத்த வந்தவர் அடுத்த வீட்டில் நல்ல தண்ணீர் வருவதை இரண்டு தரம் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். வரவேற்பறைக் கம்பளம் மிதந்தது. விஜயா கட்டிலில் கால் மடித்து இருந்தபடி பிள்ளைகளிடம் சொன்னாள்: “அது அரசனைத் தேடி வந்திருக்கு. பதில் சொல்ல ஆள் இல்லையெண்டால் வீட்டோட எங்களையும் வாரிக்கொண்டுதான் போகும்.”

பிரஷாந்தன் அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தான். அவனைக் காரில் கொண்டுபோய் விட்டவள் திவ்யா. பொழுது சாயும் நேரம் ஈர உடுப்போடு தனியே திரும்பி வந்து, மூத்த நாச்சி சொன்னதை ஒரு சொல் பிசகாமல் தாயிடம் ஒப்புவித்தாள். நாச்சிமாரின் சோற்றைத் தின்றால் அவன் நாச்சிமாருக்குச் சொந்தம். ஆகவே வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவனுடைய கதிரைக்கு முன்னால் மத்தியானச் சோறு வைக்க வேண்டும். அங்கே அவனுக்குப் பசியாறும். உயிரோடு இருப்பவனுக்கு வைக்கிற மாதிரித்தான் வைக்க வேண்டும். ஒருநாள் என்றாலும் செத்தவனுக்கு வைக்கிற மாதிரி வைத்து, அதைக் காகமும் தின்றால், அவன் அந்தப் பக்கம் போய்விடுவான்.

வித்தியாசம் என்ன என்று விஜயாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செத்தவர்களுக்கு வைப்பது எச்சில் படாத முதல் சோறு, உப்புக்கூடப் பார்க்கக்கூடாது. உயிரோடு இருப்பவனுக்குச் சமைக்கும்போது ஏழு தரம் நக்கிப் பார்க்கலாம். செத்தவனுக்கு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருவார்கள். உயிரோடு இருப்பவனை ஏசுவார்கள். விஜயா வெறும் கதிரையைப் பார்த்து மனதார ஏசினாள். “எத்தினை தரம் கூப்பிடுறது? மீன் ஆறுது. போனை அங்கால வைச்சிட்டுத் தின். கத்தரிக்காயை ஒதுக்கினாயெண்டால் நாளைக்கும் கத்தரிக்காய்தான்.” மேசையில் சோறு குறைந்ததில்லை. ஆனால் பின்னேரம் தட்டை எடுக்கும்போது கத்தரிக்காய் மட்டும் ஓரத்துக்குப் போயிருக்கும்.

சனிக்கிழமைகளில் திவ்யா ஓடைக்குப் போய்ப் பார்த்து வந்தாள். பிரஷாந்தன் கெட்டிக்காரன். தன் நிழலைக் கழற்றிக் கம்பிவேலியில் காயப்போடப் பழகியிருந்தான். களஞ்சிய முற்றத்தில் ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்டில் மட்டும் மழை பெய்ய வைத்தான். சூசை குடையோடு வேலைக்கு வரத் தொடங்கினார். தண்ணீருக்குள் இறங்கினால் ஒரு குமிழியும் மேலே வராது. ஒவ்வொரு பாடம் முடியவும் மெரிலேண்ட்ஸ் வீட்டில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. அவனுடைய சட்டை மட்டும் எப்போது பார்த்தாலும் நனைந்திருந்தது. “குளிரேல்லையா அண்ணா?” என்று ஒருநாள் கேட்டாள். அவன் நின்று யோசித்தான். “குளிர் எப்பிடி இருக்கும் எண்டு மறந்துபோச்சு, திவ்யா,” என்றான். அன்று அவள் வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் இருந்தாள்.

ஊருக்குச் சொன்ன கதை, பிரஷாந்தன் மெல்பேர்ணுக்கு வேலை மாறிப் போயிருக்கிறான் என்பது. பிழை அங்கேதான் நடந்தது. விஜயாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் வந்தது. உதவிக்கு என்று கிரான்பர்னிலிருந்து விமானம் ஏறி வந்தவள் விஜயாவின் பள்ளித் தோழி தனேஸ்வரி. அவள் மெல்பேர்ண்காரி. மெல்பேர்ணில் ஒரு கலியாணவீடு, ஒரு பூப்புனித நீராட்டு, ஒரு தேர்த்திருவிழா விட்டதில்லை. ஒன்றிலும் பிரஷாந்தனைக் கண்டதில்லை. கைபேசிக்கு எடுத்தால் பதில் இல்லை. இங்கே வந்தால் வெறும் கதிரை, அதற்கு முன்னால் சோறு, தாய்க்காரி தனியே இருந்து கதிரையோடு கதைக்கிறாள். நம்மவர் குடும்பங்களில் சாவை மறைப்பது புதிதல்ல. தாங்கமாட்டா, சத்திரசிகிச்சை முடியட்டும், பிறகு மெல்லச் சொல்லுவம் என்று மாதக்கணக்கில் மறைப்பார்கள். தனேஸ்வரியிடமே அவளுடைய தமையனின் சாவை ஒரு வருடம் மறைத்திருந்தார்கள். அந்த வருடம் முழுக்க அவள் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தாள். அதை அவள் யாருக்கும் மன்னிக்கவில்லை. பொடியன் செத்துவிட்டான், தாய்க்குத் தெரியாது, அதனால் அந்த ஆத்மாவுக்கு ஒருபிடி சோறும் முறையாகப் போகவில்லை என்று அவள் முடிவுகட்டினாள்.

விஜயா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் திவ்யா மத்தியான இடைவேளையில் ஓடிவந்து சோறு வைத்து, ஏசிவிட்டுப் போனாள். தட்டோடு ஓடிய அன்று கடையில் கூட்டம். நான் பார்த்துக்கொள்ளுறன் என்று தனேஸ்வரி சொல்லிவிட்டாள். திவ்யா வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. சாமியறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வரதராஜாவின் படத்துக்குப் பக்கத்தில் பிரஷாந்தனின் பட்டமளிப்புப் படம், அதற்குப் பொட்டு, விளக்கு, ஒரு செம்பு தண்ணீர், எச்சில் படாத சோறு, பருப்பு, கத்தரிக்காய். சன்னலுக்கு வெளியே இரண்டு காகங்கள். கம்பளத்துக்குக் கீழே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.

“அன்ரி, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?”

“பிள்ளை, கத்தாதை. எனக்கு எல்லாம் விளங்கும். மெல்பேர்ணில வேலையாம்! உயிரோட இருக்கிற தமிழ்ப் பொடியன் எண்டால் ஒரு பந்தியிலயாவது சாப்பாட்டுத் தட்டோட நிக்கமாட்டானே? அம்மாவுக்கு மறை, சரி. செத்தவனைப் பட்டினி போடாதை.”

படைத்தாகிவிட்டது, இனிக் காகத்துக்கு முன் அதை அவன் வாயிலேயே ஊட்டினால்தான் உண்டு. திவ்யா தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓடைக்கரையில் ஆறு நாச்சிமார் முதுகு காட்டி நின்றார்கள். மூத்தவள் மட்டும் திரும்பித் திவ்யாவை ஒரு பார்வை பார்த்தாள். கூட்டாளியைப் பார்க்கிற பார்வை. பிரஷாந்தன் இடுப்பளவு தண்ணீரில் தெற்கே பார்த்து நின்றான். அவனுடைய நிழல் அவனுக்கு முன்னமே தெற்கே கொஞ்சத் தூரம் போய்க் காத்துக்கொண்டிருந்தது. திவ்யாவின் காலடி கேட்டுத் தலையைத் திருப்பினான். “இண்டைக்குச் சாப்பாடு வேற மாதிரி இருந்தது, திவ்யா,” என்றான். “வந்த நாளிலயிருந்து இண்டைக்குத்தான் வயிறு நிறையப் போகுது எண்டு மணத்திலயே விளங்கினது. ஏன் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

காகங்கள் இறங்கின. திவ்யா முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காயையும் ஒன்றாகக் குழைத்து, முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டாள். எச்சில் பட்ட சோறு படையல் ஆகாது. காகங்கள் தலைக்கு மேலே ஒரு தரம் சுற்றின. அவள் மென்றுகொண்டே ஏசினாள். “ஏனோ? தனேஸ்வரி அன்ரி சமைச்சது, அதுதான். உப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. யோசிக்கிறாராம் பெரிய மனுசன். அம்மா ஆஸ்பத்திரியில, வீடு தண்ணிக்குள்ள, நான் வேலையும் பார்த்து உனக்குச் சோறும் காவவேணும். ஆ காட்டு.” இரண்டாவது கவளத்தை உருட்டி நீட்டினாள். பாதி ஓடையில் விழுந்தது.

“கத்தரிக்காய் போட்டிருக்கிறாய்,” என்றான் அவன்.

“ஓம், போட்டனான். என்ன செய்வாய்? ஐ டோன்ட் கேர். தின்!”

அவன் முகத்தைச் சுளித்தான். பிறகு, சின்ன வயதில் செய்த மாதிரியே, வாயைத் திறந்தான். கவளம் இறங்கியதும் தெற்கே நின்ற நிழல் நாய்க்குட்டி மாதிரித் திரும்பி ஓடிவந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டது. காகங்கள் களஞ்சியக் கூரையைத் தாண்டிப் போய்விட்டன. மூத்த நாச்சி தன் தலைமுடியைப் பிழிந்தாள். இனிப் படிப்பிக்க ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போ என்றாள். ஒரே தட்டில் யாராவது அவனோடு சாப்பிட வேண்டும், அது நிற்கக்கூடாது என்றும் சொன்னாள். திவ்யா தலையாட்டினாள்.

பிரஷாந்தன் அன்று மெரிலேண்ட்ஸ் வீட்டு வாசலில் நின்று ஒரு சொல் சொன்னான். களப்பு வந்த வழியே குழாய்க்குள் இறங்கிப் போனது. கம்பளத்தில் உப்புக் கோடு மட்டும் மிஞ்சியது. நாகமுனையில் அதே நேரம் களப்பு கரையேறிச் சித்தப்பாவின் வீட்டுப் படியில் வந்து அமைதியாக நின்றதாகவும், அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதாகவும் செய்தி வந்தது. அரசன் ஊருக்குத் திரும்பவில்லை. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறான். சென்ற வருடம் பதவி உயர்வும் கிடைத்தது. விஜயா ஊன்றுகோலோடு வீடு வந்து, அவனைக் கட்டிப்பிடித்து, அவனுடைய சட்டை நனைந்திருந்ததைக் கையால் தடவிப் பார்த்து, சோறு போட்டுக்கொண்டு வரக் குசினிக்குப் போனாள். திவ்யாவுக்குப் பேர்த் நகரத்திலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. அவள் மத்தியானத்தில் வீட்டை விட்டு எங்கும் வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

கிரான்பர்னுக்குப் புறப்படும்போது தனேஸ்வரி வெட்கத்தில் குறுகிப்போயிருந்தாள். கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கண்ணால் கண்ட பிறகு என்ன சொல்வது? வாசலில் திவ்யாவின் கையைப் பிடித்தாள். “மன்னிச்சுக்கொள் பிள்ளை. நான் பிழையா நினைச்சுப்போட்டன்.”

தனேஸ்வரி பிழையாக நினைக்கவில்லை. முதல் நாள் ஓடைக்குள் இறங்கியபோதே பிரஷாந்தன் பாசியில் சறுக்கி, வடிகால் குழாயின் கொங்கிறீற்றில் தலை அடிபட்டு, முகம் குப்புற விழுந்தான். திவ்யா அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டு, கை ஓயும் வரை நெஞ்சை அமுக்கினாள். மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடிக்கக் கைபேசியை எடுத்தபோது, மூத்த நாச்சி தண்ணீரிலிருந்து எழும்பி வந்து அவனுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “இவனுக்கு இன்னும் தெரியாது,” என்றாள். “தெரியாத மட்டும் படிப்பிக்கலாம்.” அதன் பிறகுதான் நிபந்தனைகளைச் சொன்னாள். திவ்யா அதை அன்று வாசலில் தனேஸ்வரிக்குச் சொன்னாள். தனேஸ்வரி மெல்பேர்ண் முழுவதற்கும் சொன்னாள். சூசைக்குத் தெரியும். விஜயாவுக்குச் சட்டையைத் தொட்டபோதே தெரியும். இப்போது மெரிலேண்ட்ஸில் தெரியாதவர் இல்லை. பிரஷாந்தனுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.