அடிக்காத மணி

“மணி அடிச்சிருக்கும். இந்தம்மா தூங்கியிருப்பாங்க, வேறென்ன?” என்று எங்கள் அலுவலகத்தில் மேலாளர் வாய் கூசாமல் சொன்னபோது அண்ணி அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய முதலாளி, கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர். முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் சூடு ஏறி, ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்த குஞ்சுகள் அத்தனையும் உள்ளேயே செத்துவிட்டன. பெட்டிக்குக் காவல் அண்ணி; சூடு மீறி மணி அடித்தால் ஓடிப்போய்க் காற்றுக்கதவைத் திறந்துவிட வேண்டியவள். தப்பு அவளுடையது என்று உறுதியானால் இன்றோடு வேலை போய்விடும்.

“மணி அடிக்கலைங்க. அடிச்சா எனக்குக் கேக்காம இருக்குமா?” என்றாள் அண்ணி. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியை நடத்தும் மின்னணு அட்டை எங்கள் கம்பெனி செய்வது. அதற்கு நிரல் எழுதுவது நான். பழைய கணினி மொழி. மதிப்புகளைத் தட்டு அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக வைப்போம், கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும். எழுத்தா, விடையா என்று அது கேட்காது, எல்லாமே அதற்கு எண்தான். ‘இல்லை’ என்றால் பூஜ்ஜியம், ‘ஆமாம்’ என்றால் மைனஸ் ஒன்று. மைனஸ் ஒன்று என்றால் உள்ளே வரிசையாக உள்ள விளக்குகள் எல்லாம் எரிகிற மாதிரி. வெறும் ஒன்றுக்குக் கடைசி விளக்கு மட்டும்தான்.

இந்த மேலாளர் மகானுபாவர் போன மாதம் என்னைக் கேட்காமலேயே நிரலைச் ‘சுத்தம்’ செய்தார். “ஆமாங்கறதுக்கு யாராவது மைனஸ் போடுவாங்களா? அசிங்கமா இருக்கு” என்று எல்லா இடத்திலும் ஒன்று போட்டுவிட்டார். சூடு மீறினால் சென்சார் நான்கைத் தரும். அது மூன்றாவது விளக்கு. பெட்டி ஓடுகிறதா என்பதற்கு ‘ஆமாம்’ வரும். இரண்டிலும் எரிகிற விளக்கு ஒன்றாவது இருந்தால்தான் மணி அடிக்கும். நான்குக்கும் ஒன்றுக்கும் பொதுவாக ஒரு விளக்கும் கிடையாது. காலையில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். “வெளிய சொல்லிடாதே, கம்பெனி பேரு கெட்டுடும்” என்றார். அண்ணி பேர் கெட்டால் பரவாயில்லையாம்.

எழுந்து போய் அதே நிரல் ஏற்றிய அட்டையையும் மணியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். சென்சாரைச் சூடான டீ டம்ளரில் சாய்த்தேன். மணி அடிக்கவில்லை.

“இதெல்லாம் அவருக்குப் புரியாதுப்பா” என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“புரிய வேண்டாம் சார். காது கேட்டாப் போதும்.”

நிரலில் அந்த ஒன்றை அழித்து மைனஸ் ஒன்றைத் திரும்பப் போட்டேன்.

மணி அலறியது. அண்ணி நாற்காலி பின்னால் சாய எழுந்து ஓடினாள். பண்ணையில் காற்றுக்கதவின் கைப்பிடி இருக்கும் உயரத்தில், எங்கள் அலுவலகத்து வெறும் சுவரில் அவள் கைகள் துழாவின. பண்ணைக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் மணியை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தவில்லை.